தித்திகாக்கா ஏரித் தீவுகளில் ஓர் இரவு: வீடு அவர்களுடையது, வள்ளம் யாருடையது?

பெரு நாட்டின் தென்கிழக்கு மூலையில், பொலிவியாவுடனான எல்லையில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,810 மீற்றர் உயரத்தில் தித்திகாக்கா ஏரி இருக்கிறது. இலங்கையின் மிக உயரமான பிதுருதலாகலை மலை உச்சி 2,524 மீற்றர்தான். அந்த உச்சியிலிருந்து இன்னும் ஒரு கிலோமீற்றருக்கு மேல் ஏறிய பிறகுதான் இந்த ஏரியின் தண்ணீரே தொடங்குகிறது. பரப்பளவு ஏறத்தாழ 8,300 சதுர கிலோமீற்றர். எங்கள் வடமாகாணம் முழுவதும் 8,884 சதுர கிலோமீற்றர் என்பதை நினைவில் வைத்தால், "ஏரி" என்ற சொல் எவ்வளவு சிறியது என்பது விளங்கும்.

அந்த நீர்ப்பரப்பில் மக்கள் வாழும் தீவுகள் பல இருக்கின்றன. பெருவின் பக்கம், பூனோ என்ற நகரத்தின் இறங்குதுறையிலிருந்து உலகெங்கும் இருந்து வரும் பயணிகள் வள்ளம் ஏறுகிறார்கள். காலையில் ஊரோஸ் மக்களின் மிதக்கும் தீவுகள், மதியம் அமந்தானி தீவு, இரவு அங்கே ஒரு குடும்பத்தின் வீட்டில் தங்கல், மறுநாள் தக்கீலே தீவு, பின்னேரம் திரும்பவும் பூனோ. இரண்டு நாள், ஓர் இரவு. கனடாவிலும் ஐரோப்பாவிலும் இருக்கும் எங்கள் உறவுகளில் சிலர்கூட இந்தப் படங்களை முகநூலில் போட்டிருக்கக் காணலாம்: வண்ணப் பாவாடை, கம்பளித் தொப்பி, பின்னால் நீல நீர்.

படத்தில் தெரியாத கதை ஒன்று இருக்கிறது. இந்தத் தீவுகளின் மக்கள் தங்கள் காணியைப் பண்ணையாரிடமிருந்து காசு கொடுத்து மீட்டவர்கள். தங்கள் தீவுக்கு வரும் விருந்தாளியை யார் ஏற்றி வருவது, எந்த வீட்டில் தங்க வைப்பது, காசை எப்படிப் பங்கிடுவது என்பதைத் தாங்களே தீர்மானித்தவர்கள். பிறகு அதில் ஒரு பகுதியை இழந்தவர்கள். ஒரு போர் நடந்த நாட்டில், அந்தப் போரில் அதிகம் செத்த மொழிக்காரர்களாக இருந்துகொண்டு இதையெல்லாம் செய்தவர்கள். அதனால் இது சுற்றுலாப் பக்கத்தில் மட்டும் வைத்துப் படிக்க வேண்டிய விடயம் அல்ல என்று நினைக்கிறேன்.

கோரையின் மேல் ஒரு ஊர்

பூனோவிலிருந்து வள்ளத்தில் அரை மணி நேரத்துக்குள் ஊரோஸ் தீவுகள் வந்துவிடும். இவை இயற்கைத் தீவுகள் அல்ல. தொத்தோரா என்ற நீர்க்கோரையால் மனிதர் கட்டியவை. தொத்தோராவும் எங்கள் ஊரில் பாய் இழைக்கும் கோரையும் ஒரே தாவரக் குடும்பம். ஆனால் தொத்தோரா ஆளைவிட உயரமாக வளரும்.

கட்டும் முறை இப்படி. ஏரியில் தண்ணீர் உயரும்போது, கோரையின் வேர்கள் பின்னிக்கிடக்கும் கட்டி அடிநிலத்தை விட்டுக் கழன்று மிதக்கத் தொடங்கும். கறுப்பான, பஞ்சு போன்ற அந்த வேர்க்கட்டி ஒரு மீற்றர் வரை தடிப்பாக இருக்கும். அதைப் பெரிய வாள்களால் கட்டிகளாக அறுத்து, இழுத்து வந்து, ஒன்றோடு ஒன்று கயிற்றால் பிணைக்கிறார்கள். சில காலத்தில் வேர்கள் தாமாகவே ஒன்றாகப் பின்னிக்கொள்கின்றன. அதன் மேல் வெட்டிய கோரையைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்குகிறார்கள். தீவு அலைந்து போகாமல் மரத் தறிகளை அடித்துக் கயிற்றால் கட்டி வைக்கிறார்கள். கீழ் அடுக்கு எப்போதும் அழுகிக்கொண்டே இருக்கும். ஆகவே மேலே புதுக் கோரை போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். மழைக்காலத்தில் இந்த வேலை இன்னும் அடிக்கடி வரும். ஒரு தீவு ஏறத்தாழ கால் நூற்றாண்டு தாங்கும் என்கிறார்கள்.

வீடு, வள்ளம், படுக்கை, கூரை எல்லாமே அந்தக் கோரைதான். அதன் அடித்தண்டின் வெள்ளைப் பகுதியை உரித்துப் பச்சையாகச் சாப்பிடவும் செய்வார்கள். சமையல் நெருப்பு தரையைப் பற்றாமல் இருக்க, கல்லின் மேல் மண் அடுப்பு வைத்துத்தான் மூட்டுகிறார்கள். தீவில் குடும்பங்களுக்குள் தீராத சண்டை வந்தால் தீவையே வாளால் அறுத்து இரண்டாக்கி, ஆளுக்கொரு பக்கம் போய்விடுவார்கள் என்று வழிகாட்டிகள் ஒவ்வொரு குழுவுக்கும் சொல்லுவது வழக்கம். சிரிப்புக்காகச் சொன்னாலும் அது நடப்பதுதான். காணிச் சண்டைக்காக நீதிமன்றப் படியில் வயதைத் தொலைத்த எங்கள் ஆட்களுக்கு இது பொறாமையைத் தரக்கூடும்.

ஊரோஸ் மக்களுக்கு ஒருகாலத்தில் சொந்த மொழி இருந்தது. இன்று அவர்கள் பேசுவது ஐமாரா, அதனோடு ஸ்பானிய மொழி. அதே மூலத்தைச் சேர்ந்த சிப்பாயா மொழி பொலிவியாவில் இன்னும் உயிரோடு இருக்கிறது. இந்தப் பக்கத்து மொழி போய்விட்டது. "மொழியே இல்லாதவர்கள் எப்படி உண்மையான ஊரோஸ் ஆவார்கள், சுற்றுலாவுக்காகப் பெயர் போட்டுக்கொண்ட ஐமாரா மக்கள்தானே" என்று கரையில் உள்ளவர்கள் நீண்டகாலமாகக் கேட்டுவந்தார்கள். 2013 இல் வெளியான ஒரு மரபணு ஆய்வு, பெருவின் ஊரோஸ் மக்களிடமும் பொலிவியாவில் உள்ள அவர்களது உறவினரிடமும் சுற்றியுள்ள ஐமாரா, கெச்சுவா மக்களிடமிருந்து வேறுபட்ட பழைய வம்சாவளி இருக்கிறது என்று காட்டியது. ஆனால் ஒரு சமூகம் தான் யார் என்பதை நிரூபிக்க இரத்த மாதிரி கொடுக்க வேண்டி வந்தது என்பதுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது.

1978 இல் அரசு ஏரியின் இந்தப் பகுதியைத் தேசிய ஒதுக்கிடமாக அறிவித்தது. 36,180 ஹெக்டேயர். கோரைக் காட்டையும் பறவைகளையும் காப்பது நோக்கம். நோக்கத்தில் பிழை இல்லை. ஆனால் கோரையை வெட்டி வாழ்ந்த மக்கள் அன்று முதல் கோரை வெட்டும் உரிமைக்காக அதிகாரிகளோடு பேச வேண்டியவர்கள் ஆனார்கள். இங்கே வனப் பாதுகாப்பு, வனஜீவராசிகள் திணைக்களங்களின் எல்லைக் கற்கள் வயலுக்குள் நடப்பட்டதைப் பார்த்தவர்களுக்கு மேலதிக விளக்கம் தேவையில்லை. 1986 இல் வந்த பெரும் புயலும் வெள்ளமும் பல தீவுகளை அழித்தன. அதற்குப் பிறகு பலர் பூனோவுக்குக் கிட்ட வந்து புதிய தீவுகளைக் கட்டிக்கொண்டார்கள். கரைக்குக் கிட்ட வந்ததால் பிள்ளைகளுக்குப் பாடசாலை கிட்டியது, பயணிகளும் கிட்டினார்கள். நகரத்தின் கழிவுநீரும் கிட்டியது.

பயணிகள் ஒரு தீவில் இறங்கும்போது, தீவின் தலைவர் சின்னக் கோரைக் கட்டிகளை வைத்துத் தீவு கட்டும் முறையைக் காட்டுவார். "கமிசராக்கி" என்று ஐமாராவில் சுகம் விசாரிக்கச் சொல்லித் தருவார்கள், "வாலிக்கி" என்று பதில் சொல்ல வேண்டும். பிறகு துணி விற்பனை, கோரை வள்ளத்தில் ஒரு சுற்று, அதற்குத் தனிக் காசு. எல்லாமாக ஒரு மணி நேரம். "எல்லாம் நாடகம்" என்று எழுதிவிட்டுப் போகும் பயணிகள் நிறையப் பேர். எனக்கு அந்தத் தீர்ப்பில் உடன்பாடு இல்லை. விருந்தாளி வரும்போது நல்ல சாறி கட்டிக்கொண்டு வாசலுக்கு வருவதை நாங்கள் நாடகம் என்று சொல்வதில்லை. கேட்க வேண்டிய கேள்வி வேறு. நூறு தீவுகள் அளவில் இருக்கும் இடத்தில், எந்தத் தீவுக்கு வள்ளம் போகும், எந்தத் தீவுக்குப் போகாது என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? தீவுகளுக்குள் முறை வைத்து அனுப்பும் ஏற்பாடு இருக்கிறது. அதைத் தாண்டி, முகவர் நிறுவனங்களோடு தனியாக ஒப்பந்தம் வைத்திருக்கும் தீவுகளும் இருக்கின்றன. ஒப்பந்தம் இல்லாத தீவில் பெண்கள் துணியை விரித்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்க, வள்ளங்கள் கடந்து போகும்.

அமந்தானியில் இரவு

ஊரோஸிலிருந்து மெதுவான வள்ளத்தில் மூன்று மணி நேரத்துக்கு மேல் போனால் அமந்தானி. கிட்டத்தட்ட வட்ட வடிவான தீவு, ஒன்பது சதுர கிலோமீற்றர் சொச்சம், சுமார் 4,000 பேர். மொழி கெச்சுவா. வாகனம் இல்லை, ஹொட்டேல் இல்லை. வரம்பு வரம்பாகக் கல் கட்டி எழுப்பிய படிநிலத் தோட்டங்கள் இறங்குதுறையிலிருந்து மலை உச்சி வரை போகின்றன. பத்துச் சிற்றூர்கள். அந்தச் சிற்றூர்களுக்கும் வீடுகளுக்கும் முறை வைத்து விருந்தாளிகளைப் பிரிப்பதுதான் இங்குள்ள ஏற்பாட்டின் அடிப்படை.

வள்ளம் வந்து சேரும்போது வீட்டுக்காரப் பெண்கள் கரையில் நிற்பார்கள். பெயர் வாசித்து, இந்த இரண்டு பேர் இந்த வீட்டுக்கு என்று ஒப்படைப்பார்கள். வீட்டுக்காரியை "மாமா" என்று கூப்பிட வேண்டும். எங்கள் மாமா அல்ல, கெச்சுவாவில் அது அம்மா. வயதில் மூத்த ஆணுக்குத் "தாய்த்தா", அதாவது ஐயா. அந்த அம்மா முதுகில் துணிமூட்டையோடு விறுவிறு என்று மேலே ஏறுவார். பின்னால் போகிறவருக்கு இருபது படியில் மூச்சு வாங்கும். இந்த உயரத்தில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஒட்சிசன் கடல் மட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவு. தலையிடி, வாந்தி, நித்திரையின்மை வரலாம். அதற்கு "சொரோச்சே" என்று பெயர். லீமாவிலிருந்து விமானத்தில் வந்து அன்றே தீவுக்குப் போகாமல், பூனோவிலோ குஸ்கோவிலோ ஓரிரு நாள் தங்கி உடம்பைப் பழக்குவதுதான் முறை. தீவில் மூன்யா என்ற புதினா வாசமுள்ள செடியைக் கொதிநீரில் போட்டுத் தருவார்கள். அது வயிற்றுக்கும் மூச்சுக்கும் நல்லது என்பது அவர்களின் கைமருந்து.

வீடு சுடாத மண் கல்லால் கட்டியது. விருந்தாளிக்கு என்று மேல்மாடியில் ஓர் அறை, கட்டில், நான்கைந்து பாரமான கம்பளிப் போர்வைகள். ஜூன் முதல் ஓகஸ்ட் வரையான இரவுகளில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே போகும், ஆகவே அந்தப் போர்வைகள் எல்லாம் வேண்டும். மின்சாரம் பெரும்பாலும் கூரையில் வைத்த சூரியத் தகட்டிலிருந்து வருவது, ஒரு விளக்குக்குப் போதும். மலசலகூடம் முற்றத்தில். சாப்பாடு குசினியில், விறகடுப்புக்குப் பக்கத்தில். அதுதான் வீட்டில் சூடான ஒரே இடம்.

சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கீனுவா என்ற சிறுதானியத்தில் ஒரு சூப், பொரித்த பாற்கட்டி, அதோடு கிழங்குகள். மஞ்சள், ஊதா, கறுப்பு என்று உருளைக்கிழங்கில் பல நிறம். "ஓக்கா" என்ற இன்னொரு கிழங்கு, லேசான புளிப்பும் இனிப்பும். உலகம் முழுக்கச் சாப்பிடும் உருளைக்கிழங்கு முதன்முதலில் மனிதர் கையில் பயிரானது இந்த ஏரியைச் சுற்றிய அண்டிஸ் மலைப்பகுதியில்தான், ஏழெட்டு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு. யாழ்ப்பாணத்துச் செம்மண்ணிலும் நுவரெலியாவிலும் போடப்படும் கிழங்கின் பூர்வீகம் இது.

விளைந்த கிழங்கை ஆண்டுக்கணக்கில் கெடாமல் வைப்பதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். குளிர்காலத்தில் கிழங்கை வெட்டவெளியில் பரப்பி விடுகிறார்கள். இரவு அது உறைந்துபோகும். பகலில் வெயிலில் இளகும். இளகியதைக் காலால் மிதித்து நீரைப் பிழிந்து வெளியேற்றுவார்கள். சில நாள் இப்படித் திரும்பத் திரும்பச் செய்தால் கல்லுப் போலக் காய்ந்த "சூன்யோ" கிடைக்கும். பஞ்சம் வந்தாலும், பயிர் பனியில் கருகினாலும், வெளியே போகப் பாதை இல்லாவிட்டாலும் வீட்டில் மூட்டையாக அது இருக்கும். எங்கள் ஆட்கள் ஒடியலும் புழுக்கொடியலும் கட்டி வைத்ததைப் போல. பொருளாதாரத் தடைக்காலத்தில் பனங்கிழங்கை நம்பி இருந்த வீடுகளுக்கு இதன் அருமை சொல்லாமலே தெரியும்.

பின்னேரம் விருந்தாளிகளை மலைக்கு அனுப்புவார்கள். தீவுக்கு இரண்டு உச்சி. ஒன்று பச்சதாத்தா, நிலத்தந்தை. மற்றது பச்சமாமா, நிலத்தாய். இரண்டிலும் கல்லால் கட்டிய பழைய கோயில் முற்றங்கள் இருக்கின்றன. ஜனவரியில் நடக்கும் வருடாந்தச் சடங்கின்போது மட்டும் அவற்றைத் திறப்பார்கள். அன்று தீவு இரண்டு அணியாகப் பிரிந்து ஆளுக்கொரு உச்சியிலிருந்து ஓடிவரும், எந்த அணி வெல்கிறது என்பதை வைத்து அந்த ஆண்டின் விளைச்சலைக் கணிப்பார்கள். மற்ற நாட்களில் பயணி வெளியே நின்று சூரியன் இறங்குவதைப் பார்த்துவிட்டு, இருட்டுவதற்குள் கீழே வர வேண்டும்.

இரவில் பொது மண்டபத்தில் ஆட்டம். விருந்தாளிப் பெண்களுக்கு வீட்டுக்காரி தன் பாவாடையும் கறுப்புத் தலைத்துணியும் கட்டிவிடுவார், ஆண்களுக்குப் பொஞ்சோப் போர்வை. மூங்கில் குழலும் மேளமும் ஒலிக்கக் கைகோத்து ஆடுவார்கள். இந்தப் பகுதி எனக்குக் கொஞ்சம் நெருடல்தான். பகல் முழுக்கத் தோட்டத்தில் நின்ற ஒரு பெண், விடியற்காலை நாலு மணிக்கு அடுப்பு மூட்ட வேண்டியவர், அன்னியர் நாலு பேருக்காக இரவு ஆட வேண்டியிருக்கிறது. இதை அவர்கள் விரும்பிச் செய்வதாகச் சொல்லும் கட்டுரைகளும் உண்டு, களைத்துப்போகிறார்கள் என்று எழுதியவர்களும் உண்டு. இரண்டும் ஒரே வீட்டில் உண்மையாக இருக்கலாம்.

காணியை மீட்ட கதை

ஸ்பானியர் வந்ததிலிருந்து இந்தத் தீவுகளின் நிலம் பெரும் பண்ணையார் குடும்பங்களின் பெயரில் போனது. தீவு மக்கள் தங்கள் நிலத்திலேயே குடியானவர்களாக வேலை செய்தார்கள். தக்கீலே தீவை அரசு அரசியல் கைதிகளை அடைக்கும் இடமாகவும் வைத்திருந்தது. அப்படி அங்கே அடைக்கப்பட்ட இராணுவ அதிகாரி ஒருவர் லூயிஸ் மிகுவேல் சான்செஸ் செரோ. தீவு மக்கள் அவரோடு நல்லுறவில் இருந்தார்கள். 1930 இல் அவர் ஆட்சியைக் கைப்பற்றி நாட்டின் தலைவர் ஆனபோது, தீவிலிருந்து ஆட்கள் அவரைத் தேடிப் போனார்கள். அந்த உதவியோடு, 1930 களில் தொடங்கி, குடும்பங்கள் காசு சேர்த்துப் பண்ணையார்களிடமிருந்து துண்டு துண்டாக நிலத்தை வாங்கத் தொடங்கின. ஜெனரல் வெலாஸ்கோவின் அரசு நாடு தழுவிய காணிச் சீர்திருத்தத்தைக் கொண்டுவந்தது 1969 இல். தக்கீலே மக்கள் அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே இந்த வேலையைத் தொடங்கிவிட்டார்கள். அதே வெலாஸ்கோ காலத்தில், 1975 இல், கெச்சுவா பெருவின் ஆட்சிமொழிகளில் ஒன்றாக அறிவிக்கப்பட்டது. அறிவிப்பு எவ்வளவு தூரம் அலுவலகங்களுக்குள் போனது என்பது வேறு கதை. ஆட்சிமொழிச் சட்டம் ஏட்டில் இருப்பதும் கச்சேரிப் படிவம் வேறு மொழியில் வருவதும் எங்களுக்குப் புதிதல்ல.

காணி கையில் இருந்ததால்தான் சுற்றுலா வந்தபோது தீவு மக்களால் நிபந்தனை போட முடிந்தது. 1970 களின் நடுப்பகுதியில், ஆங்கில வழிகாட்டி நூல் ஒன்று தக்கீலேயைப் பற்றி எழுதியது. அதைப் பார்த்து முதுகுப்பையோடு இளைஞர்கள் வரத் தொடங்கினார்கள். அதுவரை தீவிலிருந்து பூனோவுக்குப் பாய் வள்ளத்தில் போவது, காற்றைப் பொறுத்து ஒரு நாள் வேலை. தீவு மக்கள் குடும்பங்களாகச் சேர்ந்து காசு போட்டு, பழைய லொறி இயந்திரங்களை வாங்கி, தாங்களே செய்த மரவள்ளங்களில் பூட்டினார்கள். அமெரிக்க நிதியுதவி அமைப்பொன்று உதிரிப்பாகங்களுக்கு உதவியது. கொஞ்சக் காலத்தில் தக்கீலேக்குப் பயணிகளை ஏற்றி வரும் உரிமை தீவு மக்களுக்கே என்று ஆனது. வீடுகளுக்கு முறை, உணவுக்கடைக்குக் குழு, நெசவுக்குப் பொதுக் கடை. பொதுக் கடையில் ஒவ்வொரு துணியிலும் நெய்தவர் பெயர், விலை பேரம் இல்லை, விற்ற காசில் ஒரு சிறு பங்கு பொதுப் பணத்துக்கு. எலெய்ன் சோர்ன் என்ற மானிடவியலாளர் பல ஆண்டுகள் இதைப் பின்தொடர்ந்து எழுதியிருக்கிறார்.

நெசவை வெறும் விற்பனைப் பொருளாக நினைத்துவிடக் கூடாது. தக்கீலேயில் ஆண்கள் கம்பி கொண்டு பின்னுவார்கள், பெண்கள் தறியில் நெய்வார்கள். ஆண்பிள்ளை சின்ன வயதிலேயே தொப்பி பின்னப் பழகிவிடுகிறான். முழுச் சிவப்புத் தொப்பி என்றால் கலியாணமானவர், மேற்பாதி வெள்ளை என்றால் ஆகாதவர். அகன்ற இடைப்பட்டியில் விதைப்பு, அறுப்பு, திருவிழா என்று ஆண்டின் மாதங்கள் நெய்யப்பட்டிருக்கும். 2005 இல் யுனெஸ்கோ இந்த நெசவுக் கலையை மனிதகுலத்தின் வாய்மொழி, அருவ மரபுகளில் ஒன்றாகப் பிரகடனம் செய்தது, 2008 இல் அது பட்டியலில் சேர்ந்தது.

போரும், அதன் பின் வந்த வள்ளங்களும்

1980 இல் "ஒளிரும் பாதை" என்ற மாவோவாத இயக்கம் பெருவில் ஆயுதப் போரைத் தொடங்கியது. அரச படைகள் பதில் நடவடிக்கையில் இறங்கின. இரண்டு தரப்புக்கும் நடுவில் அகப்பட்டவர்கள் மலைநாட்டுக் கிராமத்து மக்கள். உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2003 ஓகஸ்ட் 28 அன்று தன் இறுதி அறிக்கையைக் கையளித்தபோது, 1980 முதல் 2000 வரை இறந்தோரும் காணாமல் ஆக்கப்பட்டோரும் 69,280 பேர் என்று மதிப்பிட்டது. அதுவரை நாட்டில் பேசப்பட்ட எண்ணிக்கை அதில் பாதிதான். மீதிப் பாதி செத்ததைத் தலைநகர் கவனிக்கவில்லை. பாதிக்கப்பட்டவர்களில் நான்கில் மூன்று பங்கினர் கெச்சுவாவையோ வேறொரு பூர்வீக மொழியையோ தாய்மொழியாகக் கொண்டவர்கள். ஆணைக்குழு பதிவு செய்த மரணங்களில் பாதிக்கு மேல் ஒளிரும் பாதை இயக்கம் செய்தது, மூன்றில் ஒன்றுக்கு மேல் அரச தரப்பு செய்தது. அந்த அறிக்கை இரண்டையும் பெயர் சொல்லி எழுதியது. எங்களுக்குக் கிடைத்த ஆணைக்குழு அறிக்கைகளோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையை வாசகரிடமே விடுகிறேன்.

தித்திகாக்காத் தீவுகள் அந்தப் போரின் மையத்தில் இருக்கவில்லை. மிக அதிகமாக அழிந்தது அயகூச்சோ. பூனோ மாவட்டத்தின் வடக்குப் பகுதிகளில் கொலைகளும் பண்ணை எரிப்புகளும் நடந்தன. தீவுகளுக்கு வந்த அடி, பயணிகள் வராமல் போனது. 1980 களின் இறுதியில் பெருவுக்கு வெளிநாட்டவர் வருவது குறைந்துபோனது. 1992 இல் ஒளிரும் பாதையின் தலைவர் பிடிபட்ட பிறகு பயணிகள் திரும்பினார்கள். அதற்குள் ஜனாதிபதி புஜிமோரியின் அரசு சந்தையைத் திறந்துவிடும் சட்டங்களைக் கொண்டுவந்துவிட்டது. பயணிகளை ஏற்றி வரும் உரிமை தீவு மக்களுக்கு மட்டும் என்று வைத்திருந்த ஏற்பாடு "ஏகபோகம்" என்று பெயர் மாற்றப்பட்டு உடைந்தது. பூனோவில் காசு உள்ளவர்கள் வேக வள்ளங்களை வாங்கினார்கள். பழைய லொறி இயந்திரம் பூட்டிய மரவள்ளம் அதோடு போட்டி போட முடியவில்லை.

போர் ஓய்ந்து விருந்தாளி திரும்பி வரும் நாளில் இறங்குதுறையில் யார் நிற்கிறார்கள் என்பது அடுத்த முப்பது வருடத்தைத் தீர்மானிக்கிறது. 2009 க்குப் பிறகு வடக்கின் கரையோரத்தில் முதலில் எழுந்த விடுதிகள் யாருடையவை என்று பார்த்தவர்களுக்கும், குறிகட்டுவான் துறையில் நின்று நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் ஆட்கள் போய்வருவதைப் பார்ப்பவர்களுக்கும் இது தூரத்து நாட்டுக் கதையாகத் தோன்றாது.

இன்று தக்கீலேக்கு வரும் பெரும்பாலானோர் நகர நிறுவனங்களின் வள்ளத்தில் வந்து, ஒரு மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, இரண்டு மூன்று மணி நேரத்தில் போய்விடுகிறார்கள். அமந்தானி இரவுத் தங்கலால் பிழைத்தது. ஆனால் அங்கேயும் பயணி நகரத்தில் கட்டும் தொகைக்கும் வீட்டுக்காரியின் கையில் சேரும் தொகைக்கும் நடுவில் பெரிய இடைவெளி இருக்கிறது. மூன்று வேளை சாப்பாட்டையும் படுக்கையையும் தருபவருக்கு மிஞ்சுவது சொற்பம் என்பது அங்கே பல காலக் குறைபாடு. நிறுவனங்கள் சில வீடுகளை நேரடியாகத் தெரிவு செய்யத் தொடங்கியபோது முறை வைக்கும் ஏற்பாடும் ஆட்டம் கண்டது. மேலதிக அறை கட்டிய வீட்டுக்கு ஆட்கள் வருகிறார்கள், அறை கட்ட வசதி இல்லாத வீடு முறைக்காகக் காத்திருக்கிறது. காணியை ஒன்றாகச் சேர்ந்து மீட்ட ஒரு சமூகத்துக்குள் இது புதிய பிளவு. வழக்கமான பயணக் கட்டுரைகள் இதைத் தொடுவதில்லை.

இதற்கு மாற்றுகளும் அங்கேயே உண்டு. அமந்தானி, தக்கீலே மக்கள் நடத்தும் கூட்டு வள்ளங்கள் பூனோத் துறையிலிருந்து காலையில் புறப்படுகின்றன. மெதுவாகப் போகும், கதிரை சொகுசாக இராது. அதில் ஏறி, தீவில் இறங்கி, அங்கேயே வீடு கேட்டு, காசை வீட்டுக்காரியின் கையில் கொடுக்கலாம். ஏரிக்குள் நீண்டிருக்கும் கபச்சிகா தீபகற்பத்தில் யச்சோன் என்ற கிராமமும் 1990 களிலிருந்து இதே முறையில் வீட்டுத் தங்கலை நடத்துகிறது. போகிறவர்கள் பூனோச் சந்தையில் அரிசி, சீனி, எண்ணெய், பழம் வாங்கிக்கொண்டு போவது மரியாதை. தீவில் இவை விளையாது. பிள்ளைகளுக்கு இனிப்பும் காசும் நீட்டுவதைத் தீவு மக்களே விரும்புவதில்லை. படம் எடுக்க முன் கேட்க வேண்டும்.

2022 டிசம்பரில் ஜனாதிபதி பெத்ரோ கஸ்தீயோ பதவி நீக்கப்பட்டபோது, அவருக்கு வாக்களித்த மலைநாட்டு மக்கள் வீதிக்கு வந்தார்கள். 2023 ஜனவரி 9 அன்று, பூனோவுக்குப் பக்கத்து நகரமும் விமான நிலையம் இருக்கும் இடமுமான ஹூலியாக்காவில் ஒரே நாளில் குறைந்தது 17 பொதுமக்கள் கொல்லப்பட்டார்கள், பெரும்பாலும் துப்பாக்கிச் சூட்டில். வீதிகள் மாதக்கணக்கில் மறிக்கப்பட்டன. அந்த நாட்களில் தீவுகளுக்கு ஒரு வள்ளமும் வரவில்லை என்று சொல்லும் அளவுக்குச் சுற்றுலா நின்றது. அதே ஆண்டு மழையும் பொய்த்தது. ஏரியின் நீர்மட்டம் பல பத்தாண்டுகளில் காணாத அளவுக்கு இறங்கியது. கரையோரத் தொத்தோரா தண்ணீர் இல்லாமல் மஞ்சளாகக் காய்ந்தது, வள்ளங்கள் சேற்றில் தட்டின. ஊரோஸ் ஆண்கள் பச்சைக் கோரை தேடி முன்பைவிடத் தூரத்துக்குப் போனார்கள். பயணிகள் வராவிட்டாலும் தீவுக்குக் கோரை போட வேண்டியிருந்தது. அடியில் அது அழுகிக்கொண்டுதானே இருக்கும்.